பாண்டியன் லாயத்தில் என்ன சாப்பாடு?

மார்க்கோ போலோ நம்ம ஊரைப் பற்றி எழுதியதில் வேறு எது ஞாபகம் இருக்கோ இல்லையோ, இந்த ஒன்று மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாண்டியர்கள் அரபுக் குதிரைகளுக்குச் சோறும் கறியும் சமைத்துப் போட்டார்கள், குதிரையெல்லாம் செத்துப் போச்சு. சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி. நண்பர்கள் கூடினால் "குதிரைக்கே பிரியாணி போட்ட பரம்பரைடா நாம" என்று ஒரு நக்கல். அதோடு கதை முடிந்தது.

எனக்கு ரொம்ப நாளாக இதில் ஒரு உறுத்தல். ஒரு குதிரைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தங்கம் கொடுத்து வாங்குகிறவன் (கணக்கு கீழே வருது), அதுக்கு என்ன தீனி போடணும்னு ஒருத்தரிடமும் கேட்காமலா இருப்பான்? அதைவிட முக்கியமான கேள்வி: சோறும் கறியும் போட்டால் குதிரை நிஜமாகவே சாகுமா? பழைய பயணக் குறிப்புகளையும் குதிரைத் தீவனம் பற்றிய இன்றைய புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கதை வேறு மாதிரிப் போகிறது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் சாட்சிகள். ரெண்டு பேர்.

ஒருவர் நம்ம போலோ. 1292-93 வாக்கில், சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மாபார் என்று அரபிகள் சொன்ன நம் கடற்கரைப் பக்கம் வருகிறார். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். இங்கே குதிரை பிறப்பதில்லை, நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு குதிரை வாங்கியே கரைகிறது என்கிறார். ஹோர்முஸ், கிஷ் தீவு, துஃபார், ஏடன் வியாபாரிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்கள் நாலு பேரும் அதே மாதிரி. வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம்? வளர்க்கத் தெரியவில்லை, வைத்தியம் பார்க்க ஆளில்லை, வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள். இதுதான் போலோ வாக்குமூலம்.

குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற துறை என்று அவர் சொல்லும் காயல், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கும் நம்ம பழையகாயல்தான். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, துறைமுகம்னு சொன்னா நம்ப முடியாது. தாமிரபரணி மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது.

இன்னொருவர் வஸ்ஸாஃப். பாரசீகத்தில் உட்கார்ந்து 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சரித்திரம் எழுதியவர். அவர் தரும் விவரம் இன்னும் சுவாரசியம். கிஷ் தீவின் அதிபதி மாலிக்-உல்-இஸ்லாம் ஜமாலுதீனுக்கும் பாண்டியனுக்கும் ஒப்பந்தம்: வருஷத்துக்கு 1,400 குதிரை அவருடைய சொந்த லாயத்திலிருந்து. அது போக கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ் என்று எங்கெல்லாம் கிடைக்குமோ அங்கெல்லாம் வாங்கி அனுப்பலாம். விலை குதிரைக்கு 220 செம்பொன் தினார். ஜமாலுதீனின் தம்பி தகியுதீன் அப்துர் ரஹ்மான் பாண்டியன் அரசவையில் மந்திரி! விற்கிறவர் அண்ணன், வாங்குகிற இடத்தில் ஆலோசனை சொல்கிறவர் தம்பி. இந்தக் காலமாக இருந்தால் ஒரு விசாரணைக் கமிஷன் நிச்சயம் :-)

ஒரு தினார் நாலேகால் கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு குதிரை 935 கிராம் தங்கம். சவரனில் சொன்னால் 117. மாபார், கம்பாயத் முதலான துறைகளுக்கு ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை போயிற்று, மொத்த மதிப்பு 22 லட்சம் தினார் என்றும் எழுதியிருக்கிறார். பத்தாயிரத்தை 220ஆல் பெருக்கினால் அப்படியே வருது. சுங்கச்சாவடிக் கணக்கைப் பார்த்து எழுதினாரா, மனக்கணக்குப் போட்டாரா என்று சந்தேகம் வரத்தான் செய்யும். கோயில் சொத்து வருமானத்திலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மேல் போட்ட வரியிலிருந்தும் இந்தப் பணம் போயிற்று என்கிறார்.

தீனி விஷயத்தில் வஸ்ஸாஃப் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பச்சை பார்லிக்குப் பதிலாக இந்த ஊர்க்காரர்கள் வறுத்த பார்லியையும் வெண்ணெய் சேர்த்துச் சமைத்த தானியத்தையும் போடுகிறார்கள், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் கொடுக்கிறார்கள், என்ன கூத்து இது என்று சிரிக்கிறார். அப்புறம் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: கொழுப்பு ஏறட்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிறார்கள், பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் வீரர்கள் ஏறிப் பேய் மாதிரி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாக, சோர்ந்து, எதற்கும் உதவாமல் போய்விடுகிறது.

எல்லாரும் சிரிப்பது சோறு, கறி, வெண்ணெய், பால் பகுதிக்கு. என் கண் நின்றது அந்த நாற்பது நாளில்.

ஏன் என்று சொல்ல, குதிரையின் வயிற்றுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

குதிரை மாடு மாதிரி புல் தின்னும், ஆனால் மாட்டு வயிறு அதற்குக் கிடையாது. மாடு தின்றதை முதலில் பெரிய பையில் போட்டு நுண்ணுயிரிகளை வைத்துப் புளிக்க வைக்கிறது, அசைபோடுகிறது, அப்புறம்தான் ஜீரணம். குதிரைக்கு இது தலைகீழ். முதலில் நம்மை மாதிரி இரைப்பை, சிறுகுடல். புளிக்க வைக்கும் வேலை கடைசியில், பின்குடலில்.

இரைப்பை எவ்வளவு பெரிசுன்னு நினைக்கிறீங்க? நானூறு கிலோ எடையுள்ள மிருகத்துக்கு வெறும் 8 முதல் 15 லிட்டர். ஒரு குடம். அந்தக் குடத்தில் அமிலம் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சுரப்பதில்லை, ராத்திரி பகல் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதைச் சமாளிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். ஆக, குதிரையின் உடம்பு ஒரு விஷயத்தை நம்பியே அமைந்திருக்கிறது: நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மென்றுகொண்டே இருப்பது. அவிழ்த்து விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்வரை மேயும். "கல்யாண வீட்டுப் பந்தி" சாப்பாடு அதற்கு ஆகாது.

இன்னொரு கொடுமை, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசை அவ்வளவு இறுக்கம். நாம் தப்பானதைத் தின்றால் வெளியே தள்ளிவிட்டுப் படுத்துவிடலாம். குதிரைக்கு அந்த வசதி இல்லை. உள்ளே போனது முன்னால்தான் போகணும்.

சிறுகுடல் இருபது மீட்டருக்கு மேல் நீளம், ஆனாலும் உணவு சில மணி நேரத்தில் அதைக் கடந்துவிடும். அங்கேதான் மாவுச்சத்து ஜீரணமாக வேண்டும். அளவோடு வந்தால் சரி. அதிகமாக வந்தால் மிச்சம் அப்படியே பின்குடலுக்கு வழிந்துவிடும். நமக்குக் குடல்வால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பை குதிரைக்கு முப்பது லிட்டர் அண்டா. அதைத் தொடர்ந்து வரும் பெருங்குடல் அதைவிடப் பெரிது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் புல்லின் நாரை உடைத்துக் குதிரைக்குச் சக்தியாக மாற்றிக் கொடுக்கின்றன. அந்த இடத்தில் போய் மாவு கொட்டினால் என்ன ஆகும்? தோசை மாவு பொங்குவது மாதிரிதான். மாவைத் தின்னும் கிருமிகள் திடீரென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கக்கும். நார் தின்னும் நல்ல ஜீவன்கள் சாகும். வாயு கட்டும், குடல் இழுத்துப் பிடிக்கும், சில நேரம் முறுக்கிக்கொள்ளும். குதிரை தரையில் புரளும், தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும், பின்னங்காலால் வயிற்றை உதைக்கும். கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வயிற்று வலி இன்றைக்கும் குதிரைகளைக் கொல்லும் காரணங்களில் முன் வரிசையில் நிற்பது.

அதில் பிழைத்தாலும் கதை முடியவில்லை. குடல் சுவர் புண்ணாகி நச்சு ரத்தத்தில் கலந்தால், ஓரிரு நாள் கழித்துக் குளம்பில் வெடிக்கும். குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய தசை மடிப்புகள் வீங்கி அறுந்துபோகத் தொடங்கும். லாமினைட்டிஸ் என்பது இதுதான். முன்னங்காலைத் தரையில் வைக்க முடியாமல் பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். தப்பு வயிற்றில், தண்டனை காலில்.

இப்போது பாண்டியன் சமையற்கட்டுக்கு வருவோம்.

வறுத்த பார்லி. வஸ்ஸாஃப் சிரித்தாரே, அதுதான் இந்தப் பட்டியலிலேயே புத்திசாலித்தனமான அயிட்டம். பச்சை பார்லியின் மாவுச்சத்து சிறுகுடலில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. சூடு பட்டால் கரையும். இன்றைக்குத் தீவனக் கம்பெனிகள் பார்லியை ஆவியில் வேகவைத்து, அவலாகத் தட்டி, பொரித்து விற்பது அதற்காகத்தான்.

வெண்ணெய். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, ஆனாலும் கொழுப்பை நன்றாகவே ஜீரணிக்கும், மெதுவாகப் பழக்கினால். நூறு மைல் ஓட்டப் பந்தயக் குதிரைகளுக்குத் தீவனத்தில் தாவர எண்ணெய் ஊற்றுவது இன்றைக்குச் சாதாரணம். 1470 வாக்கில் பீதரில் இருந்த ருஷ்ய வியாபாரி நிகிதின், அங்கே குதிரைக்குக் கொண்டைக்கடலையும், சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்த கிச்சடியும் போட்டதை எழுதியிருக்கிறார். அவரே குதிரை விற்க வந்தவர். பாமினி சுல்தான்கள் ஒன்றும் குதிரை தெரியாதவர்கள் இல்லையே.

கறி. இதுதான் எல்லாரையும் அதிர வைப்பது. ஆனால் அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அத்தியட்சகர் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்க. முதல்தரக் குதிரைக்கு ஒரு நாள் படியில் தானியம், எண்ணெய், ஐந்து பலம் உப்பு, ஐம்பது பலம் இறைச்சி, சாறு அல்லது தயிர், சர்க்கரை, கூடவே கொஞ்சம் சாராயம் அல்லது அதற்குப் பதில் பால்! போலோ கண்டு வியந்த மெனு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்த மெனு. இது பழைய காலத்துப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தால், 1908இல் தென்துருவப் பயணம் போன ஷாக்கில்டன் தன் மட்டக் குதிரைகளுக்கு எடுத்துப்போன விசேஷத் தீவனத்தில் உலர்த்திய மாட்டிறைச்சி உண்டு. கேரட், பால், உலர்திராட்சை, சர்க்கரை மற்றவை. பிரிட்டிஷ் ராணுவத்தின் தயாரிப்பு அது. கொஞ்சம் இறைச்சியால் குதிரை செத்துவிடாது. விரும்பித் தின்னாது, அவ்வளவுதான்.

பால். குட்டியாக இருக்கும்போது பாலை ஜீரணித்த குதிரைக்கு மூணு வயசு தாண்டினால் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விடும். குடம் குடமாக ஊற்றினால் வயிற்றுப்போக்குதான். மார்க் குறைக்கலாம், தூக்குத் தண்டனை கிடையாது.

சோறு. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வெந்த சோறு விஷம் இல்லை. ஆனால் அது சுத்தமான மாவுச்சத்து, நார் கிட்டத்தட்ட இல்லை. ஒரு வேளைத் தீனியில் உடம்பு எடையில் கிலோவுக்கு ரெண்டு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இன்றைய கணக்கு (அதுவே அதிகம், பாதியாகக் குறை என்பவர்களும் உண்டு). நானூறு கிலோக் குதிரைக்கு 800 கிராம். ஒரு கிலோ அரிசியில் அது வந்துவிடும். ஆசையாக ஒரு படி அரிசியைப் பொங்கிக் கொட்டினால் எல்லை தாண்டியாச்சு. அன்பு அதிகமானால் ஆபத்து அதிகமாகும் தீனி இது.

சரி, இத்தனை அயிட்டத்திலும் கொலைகாரன் யாரும் இல்லையென்றால்?

அர்த்தசாஸ்திரத்தின் அதே அத்தியாயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பசும்புல் ஆயிரம் பலம். சாதாரணப் புல் என்றால் அதைப் போல ரெண்டு மடங்கு. இறைச்சி ஐம்பது பலம், புல் ஆயிரம் பலம். இருபதில் ஒரு பங்குதான் கறி! ஒரு பலம் 35-40 கிராம் என்று வைத்தால் ஆயிரம் பலம் புல் 35 முதல் 40 கிலோ. ஈரத்தைக் கழித்தால் ஏழெட்டுக் கிலோ காய்ந்த நார். இன்றைய புத்தகம் நானூறு கிலோக் குதிரைக்குக் குறைந்தபட்சம் ஆறு கிலோ காய்ந்த நார் வேண்டும் என்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதியவன் அசட்டுத்தனமாக எழுதவில்லை. கறியும் சர்க்கரையும் மேலே தூவும் கொத்தமல்லி மாதிரி, சோறு என்பது புல்.

போலோவோ வஸ்ஸாஃபோ தீனியைச் சொல்லும்போது புல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்லாததால் இல்லை என்று ஆகாதுதான். ஆனால் இடத்தை யோசியுங்க. தாமிரபரணி, வைகை, காவிரி ஓரம் முழுக்க நெல் வயல். மாட்டுக்கு வைக்கோல் போதும். வைக்கோலில் மணல்சத்து அதிகம், புரதம் ரொம்பக் குறைவு, ஓடும் குதிரைக்கு அது காணாது. ஆயிரக்கணக்கான குதிரைக்கு நல்ல புல்வெளி அங்கே எங்கே இருக்கு? கடற்கரை மண்ணில் தீனியைக் கொட்டினால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் படியும், அதுவும் ஒரு வகை வயிற்று வலி. புல் இல்லாத குறையை அரண்மனை ஈடுகட்டிய விதம்தான் சோறும் வெண்ணெயும் என்பது என் ஊகம். பணக்கார வீட்டில் வழி தெரியாதபோது நெய்தானே ஊற்றுவார்கள்.

இப்போது அந்த நாற்பது நாள். வாரக்கணக்கில் கப்பலில் அசையாமல் நின்று, இளைத்து, வந்து இறங்கிய குதிரை. பின்குடல் நுண்ணுயிரிகள் பழைய தீனிக்குப் பழகியவை. தீனியை மாற்றுவதானால் பத்து, பதினாலு நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்பது இன்றைக்குக் குதிரை வளர்க்கும் யாருக்கும் தெரிந்த பால பாடம். இங்கே வந்த அன்றே விருந்து. அதையும் நடமாட்டம் இல்லாமல், நாலு காலையும் முளையில் கட்டி. நடந்தால்தான் குதிரையின் குடல் ஒழுங்காக நகரும், கட்டிப் போட்ட குதிரைக்கு வயிற்று வலி வரும் வாய்ப்பு கூடும்.

நாற்பத்தோராம் நாள் ஏறி ஓட்டு!

ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு வந்த நோய் ஒன்றுக்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பேர். ஞாயிறு லீவு, ஆனால் தானியம் மட்டும் முழுசாகப் போட்டுவிடுவார்கள். திங்கள் காலை வண்டியில் பூட்டினால் கொஞ்ச தூரத்திலேயே தொடைத் தசை கல்லாக இறுகி, வேர்த்துக் கொட்டி, மூத்திரம் காப்பி நிறத்தில் போய், குதிரை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கடுமையானால் சாவு. ஒரு நாள் ஓய்வுக்கே இந்தக் கதி. நாற்பது நாள் கொழுக்க வைத்து, பழக்கமும் கொடுக்காமல் ஓட்டினால்? வஸ்ஸாஃப் சொல்லும் அந்த மந்தமான, சோர்ந்த, நகராத குதிரை, குளம்பு வீங்கியதோ தசை இறுகியதோ, ஒரு கால்நடை மருத்துவர் பார்த்தால் வியக்க மாட்டார்.

எல்லாத்தையும் தீனி தலையில் கட்டவும் முடியாது. 1880இல் பஞ்சாபில் க்ரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவ மருத்துவர் சர்ரா என்ற நோயின் கிருமியைக் குதிரை ரத்தத்தில் கண்டுபிடித்தார். ஈக் கடியால் பரவுவது, குதிரையை உருக்கி உருக்கிக் கொல்வது. நம் ஊர் ஈரத்தில் ஈக்குப் பஞ்சமா? ரெண்டாயிரத்தில் நூறுகூட மிஞ்சாது என்ற கணக்கையும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். போலோ அதை யாரிடம் கேட்டிருப்பார்? குதிரை விற்றவர்களிடம்தானே.

அந்தக் குதிரை விற்றவர்களைப் பற்றி போலோ சொல்லும் ஒரு சேதிதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வியாபாரிகள் தங்களோடு குதிரை வைத்தியரைக் கூட்டி வருவதில்லை, வேறு யாரும் அழைத்துப் போகவும் விடுவதில்லை, குதிரை பிழைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பதால். தமிழில் இதை 'லாடம் அடிப்பவர் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் லாடம் அடிப்பவரும் குதிரை வைத்தியரும் ஒரே ஆள்தான். போலோவுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால், இரண்டாம் ஃபிரடெரிக் பேரரசரின் லாய அதிகாரி ஜோர்டானுஸ் ருஃபுஸ் 1250 வாக்கில் குதிரை வைத்தியத்துக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். போலோ இங்கே தேடிய ஆள் அந்த ரகம். நாற்பது நாள் கட்டிப் போடாதே, தினம் நடத்து, சோத்தைக் குறை, புல்லைக் கூட்டு என்று சொல்லக்கூடிய ஆள்.

நம் பக்கம் படிப்பு இல்லையா என்றால், இருந்தது. சாலிஹோத்திரர், நகுலன் பேரில் குதிரை வைத்திய நூல்கள் சமஸ்கிருதத்தில் உண்டு. நகுலனின் அஸ்வ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகமே படங்களோடு 1952இல் பதிப்பித்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். கடல் வழியாகக் குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. ஏட்டில் இருப்பது லாயத்தில் குதிரைக்காரன் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அர்த்தசாஸ்திர மெனுவில் கறியும் பாலும் மட்டும் வந்து சேர்ந்து, ஆயிரம் பலம் புல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

வியாபாரிகளைச் சும்மா திட்டவும் மனசு வரவில்லை. ஒப்பந்தம் அப்படி. கடலில் குதிரைக்கு அடிபட்டாலோ செத்தாலோ அதற்கும் பாண்டியன் கஜானா பணம் கொடுக்கணும் என்கிறார் வஸ்ஸாஃப். செத்தாலும் காசு, பிழைத்துப் பிறகு செத்தாலும் அடுத்த வருஷ ஆர்டர். எவன் அக்கறையா தீனி சொல்லிக் கொடுப்பான்? இருநூறு வருஷம் கழித்தும் இது மாறவில்லை. விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மன் (1485-1491) உயிரோடோ பிணமாகவோ மூணு குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்று வாங்கினான், கடலில் செத்ததற்கு வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினால் போதும் என்று போர்த்துகீசியரான நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார். வாலுக்கு முழு விலை! ஒரே குதிரையின் வாலை ரெண்டாக வகிர்ந்து காட்டியவன் எத்தனை பேரோ :-)

(திருவிளையாடலில் மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை தெரியும்தானே? நரி பரியாகி வந்து, ராத்திரியில் மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடும். காலையில் பார்த்தால் லாயம் காலி. பக்தர்கள் மன்னிக்கணும், போலோவைப் படித்த பிறகு அந்தக் காலை நேரத்து லாயம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. கஜானாப் பணம் போய் விடிந்தால் குதிரை இல்லை என்பது மதுரைக்காரர்கள் நன்றாகவே அறிந்த சோகமாக இருந்திருக்கும்.)

பிற்காலத்தில் இங்கே குதிரை பிழைக்கத்தான் செய்தது. எப்படி? கொள்ளும் அருகம்புல்லும். மதராஸ் ராணுவத்தின் குதிரைப் படைக்குத் தானியம் கொள்ளுதான். ஆங்கிலத்தில் அந்தப் பயறுக்கே குதிரையின் பேர் வைத்துவிட்டார்கள். ஊறவைத்து வேகவைத்த கொள்ளில் அரிசி அளவுக்கு மாவுச்சத்து இல்லை, புரதமும் நாரும் கூட. பச்சையாகப் போட்டால் அதிலுள்ள சில பொருட்கள் புரத ஜீரணத்தைத் தடுக்கும், வேகவைத்தால் அது போய்விடும். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று பழமொழியே இருக்கிறதே, சோறு என்றால் வாயைத் திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. படையில் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்றால், அதற்குப் புல் வெட்டிக்கொண்டு வருவதற்கென்றே இன்னொரு ஆள். தினம் போய் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணைத் தட்டி உதறி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார். மண்ணைத் தட்டாமல் போட்டால் மணல் குடலில் சேரும் என்பது அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. ஓசூரில் 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணைதான் பிறகு அரசு கால்நடைப் பண்ணையானது. அங்கே மேட்டு நிலம், புல்வெளி, மழையும் மிதம். காயல் கரையில் கட்டி வைத்ததை அங்கே அவிழ்த்து மேய விட்டார்கள்.

எங்க ஊர் ரயிலடியில் நான் பார்த்த கடைசி ஜட்கா வண்டிக்காரர் ஒரு நாளும் குதிரைக்கு ஒரே வேளையில் கொள்ளு முழுவதும் வைக்க மாட்டார். நாலு தடவையாகப் பிரித்து, தவிட்டோடு பிசைந்து, கழுத்துப் பையில் கட்டுவார். சவாரி இல்லாத நாளில் கொள்ளில் பாதி கிடையாது, புல்லுக்கட்டு மட்டும் ஒன்று கூட. மழை நாளாக இருந்தாலும் சாயங்காலம் குதிரையை நடத்திக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவார். காலையில் முதல் வேலையாக லத்தி எப்படி விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். உருண்டையாக, ஈரமாக இருந்தால் ஒரு தலையாட்டல், அப்புறம்தான் அவருக்கு டீ.

உங்க ஊரில் ஜட்கா ஓட்டினவங்க, ரேஸ் குதிரை பார்த்துக்கிட்டவங்க வீட்டில் இருந்தா, வயிற்று வலி வந்த குதிரைக்கு என்ன கைமருந்து கொடுத்தாங்க, சவாரி இல்லாத நாளில் தீனியை எப்படிக் குறைச்சாங்கன்னு கொஞ்சம் கேட்டு எழுதுங்களேன்.